அறுபதுக்குக் கீழே

பதினொரு மணிக்கூடு இருக்கிற வீட்டில்
பிள்ளைக்கு ஸ்கூல் பஸ் தவறுகிறது
என்பாள் சுகிர்தா.

உண்மைதான்.
பந்தய மணிக்கூடுகளுக்கு நேரத்தில் அக்கறையில்லை,
நேரத்தின் துண்டுகள்தான் வேண்டும்.
வலப்பக்கம் இரண்டு பொத்தான்.
மேலே உள்ளது ஓடு என்னும், நில் என்னும்.
கீழே உள்ளது
ஒன்றுமே நடக்கவில்லை என்னும்.

சீனக்குடா மாவாலையில் இரவு வேலை முடித்து
தலைமயிரில் கோதுமைத் தூளோடு
டச்பேக்குப் பின்னால் அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன்.
ஜெனிவீவ் ஓக்கர்ஸ்
சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் துணியை விரித்து
அதை வைத்தாள்.

கறுப்பு முகப்பு. மூன்று வெள்ளைக் கிண்ணம்.
முட்களில் பூசிய ஒளி
பால் விட்ட தேத்தண்ணி நிறத்துக்குப் பழுத்திருந்தது.
யாரும் மறுபூச்சுப் பூசவில்லை,
கண்ணாடியில் ஒரு கீறல், அது போதும், அது நல்லது.
நீண்ட முள்
நாற்பத்தேழாவது விநாடியில் நின்றிருந்தது.

"அப்பா நேவி யார்ட்டில ஃபிட்டர்.
அவரும் ஃபிரெண்டும் ஒரு கார் செய்தவை,
தகரமும் பழைய என்ஜினும்.
கட்டுகுருந்தவில ஓடினது.
ஓட்டினது அப்பா இல்லை. நேரம் பிடிச்சது அப்பா."

நாற்பத்தேழு விநாடியில் ஒரு மைல்:
விளிம்பு எழுபத்தேழு என்கிறது.
மைலோ கிலோமீற்றரோ, விளிம்புக்கு அது தெரியாது.
எனக்குள் கார் ஓடத் தொடங்கியது.
வெடித்த ஓடுபாதை, வைக்கோல் மூட்டை,
பெற்றோல் வெக்கையில் நெளியும் சனம்,
கையை முகத்துக்கு நேரே பிடித்தபடி
மூச்சு விடாத ஒரு ஃபிட்டர்.

"இப்பவும் வேலை செய்யுது, பாருங்கோ"
என்று கீழ்ப் பொத்தானை அமத்தினாள்.

முள் பறந்து பூச்சியத்தில் விழுந்தது.
அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.
என்ன செய்ய.

"பிறகு பிறகு
முட்டை அவிக்கத்தான் பாவிச்சவர்.
மூண்டு நிமிஷம். மஞ்சள் இறுகக்கூடாது."

சுவரில் படம் இருந்தது.
காருக்குப் பக்கத்தில் இரண்டு மெல்லிய ஆட்கள்.
பழைய படங்களில் நான் முகம் பார்ப்பதில்லை,
மணிக்கட்டுப் பார்ப்பேன்.
செத்த வீடுகளிலும் அப்படித்தான்,
வெளியில் சொல்வதில்லை.
சட்டைக் கை மடித்திருந்தது. அதே கறுப்பு முகப்பு.
அந்தப் படம் சேர்ந்தால் விலை இரண்டு மடங்கு,
வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும்.
கேட்டேன்.
"படம் குடுக்கிறதில்லை" என்றாள்,
தேத்தண்ணியை என் பக்கம் தள்ளியபடி.

நிலாவெளி ரோட்டில்
ஒரு கிலோமீற்றர் கல்லிலிருந்து அடுத்த கல்வரை
முன்னால் போன ஓட்டோவைப் பிடித்துப் பார்த்தேன்.
தொண்ணூற்றைந்து விநாடி.
விளிம்பில் அதற்கு எண் இல்லை.
ஐந்நூறில் தொடங்கி அறுபதில் முடிகிறது எழுத்து.
அறுபதுக்குக் கீழே
போவதெல்லாம் போவதே இல்லை அதன் கணக்கில்.

கோட்டை வாசலில் ரோட்டைக் கடக்கும் மான்,
மாவாலையில் கப்பல் ஏறி இறங்கும் வெள்ளம்,
கிண்ணியாத் துறையில் பாதைக்கு நின்ற காலம்,
சாவடியில் அடையாள அட்டையை நீட்டியபடி
ஆளுக்குப் பின் ஆளாக நகர்ந்த என் இருபது வயது,
ஒன்றுக்கும் எண் இல்லை.
அவ்வளவு மெதுவாகத்தான்
இங்கே எல்லாரும் உயிரோடு வந்து சேர்ந்தோம்.

மற்றப் பதினொன்றையும் லாச்சியில் பூட்டினேன்.

மறுபூச்சுக்காரரை நான் மதித்ததே இல்லை.
இல்லாத பழமையை எழுதுகிறவர்கள் என்று
எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்.

பிள்ளை நித்திரை. சுகிர்தா நித்திரை.
குசினி வெளிச்சத்தில் நின்று
மேல் பொத்தானை அமத்தினேன்.
விநாடிக்கு ஐந்து துள்ளலாக முள் ஏறியது.
நாற்பது. நாற்பத்தைந்து.
நிறுத்தினேன்.

நாற்பத்தாறரை.

பூச்சியம். திரும்பவும்.

நாற்பத்தெட்டு.